பிள்ளை சொல்லட்டும், ஆசிரியர் எழுதட்டும்

ஆரணியில் பிறந்த பிள்ளைக்குப் ‘புடவை’ என்ற சொல்லை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரிலும், சுற்றியுள்ள முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் பல வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாடா ஓடும் சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தைகள் இவர்கள். அந்த ஊர்ப் பள்ளி ஒன்றில், நான்காம் வகுப்பில் ‘சொல்வதை எழுதுதல்’ நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ‘புடவை’ என்கிறார். ஒருவன் ‘பொடவ’ என்று எழுதுகிறான். பக்கத்தில் இருப்பவன் ‘பெட’ என்று எழுதி, அழித்து, ‘டபு’ என்று தொடங்குகிறான். அதற்குள் அடுத்த சொல் வந்துவிடுகிறது, அப்படியே விட்டுவிடுகிறான். மாலையில் இரண்டு நோட்டிலும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி.

இரண்டும் ஒரே தவறு அல்ல. ஆரணித் தெருவில் ‘புடவை’ என்று யாரும் பேசுவதில்லை. ‘இலை’ பேச்சில் ‘எல’ ஆவது போல, ‘விலை’ ‘வெல’ ஆவது போல, அது ‘பொடவ’தான். ஆசிரியர் திருத்தமாகச் சொன்னாலும் முதல் பிள்ளையின் மனத்தில் ஒலிப்பது வீட்டுச் சொல். அந்த ஒலியை அவன் துல்லியமாக எழுத்தாக்கியிருக்கிறான். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. எழுத்துத் தமிழின் வடிவத்தைப் பழக்கினால் போதும், சரியாகிவிடுவான்.

இரண்டாவது பிள்ளைக்கு அந்த உறவே இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் அவனைத் தனியாக அழைத்து, “உங்க வூட்ல பொடவ எப்படிப்பா நெய்யறாங்க?” என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பாவு, ஊடை, ஜரிகை, தார், மிதி என்று ஒன்று விடாமல், வரிசை தப்பாமல் சொல்வான். நடுவில் நிறுத்தினால்கூட விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்வான். வாயில் இத்தனை வைத்திருக்கும் பிள்ளையின் நோட்டு மட்டும் ஏன் காலியாக இருக்கிறது? இந்த அத்தியாயம் அவனுக்காகவும், அவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்காகவும், அவனைப் பெற்றவர்களுக்காகவும்.

இப்படி ஒரு பிள்ளையைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 1896 நவம்பரிலேயே அச்சில் வந்திருக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சீஃபோர்டு என்ற ஊரில் இருந்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார். சிறுவன் அறிவாளி, விளையாட்டில் கெட்டி. 749ஐ 867ஆல் விரைவாகவும் பிழையில்லாமலும் பெருக்கினான். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி ‘ப்ரெசி’ என்று எழுதிவிட்டு, அதில் தவறு இருப்பதே தெரியாமல் இருந்தான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று சில ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்த ஆசிரியர் சொன்னதை மார்கன் பதிவு செய்தார். டிஸ்லெக்சியாவைக் குறித்து எழுதப்பட்ட முதல் குறிப்புகளில் ஒன்றிலேயே நோயும் சொல்லப்பட்டுவிட்டது, மருந்துக்கான வழியும் சொல்லப்பட்டுவிட்டது என்று தோன்றுகிறது. நோய் என்ற சொல்லை இங்கே ஒரு பேச்சுக்குத்தான் சொல்வது. டிஸ்லெக்சியா நோயே அல்ல. மூளை ஒலிகளைப் பிரித்து, எழுத்தோடு பொருத்திப் பார்க்கும் வேலையில் பிறப்பிலேயே இருக்கும் ஒரு வேறுபாடு அது. சோம்பலோ, அறிவுக்குறைவோ, வளர்ப்புக் கோளாறோ அதற்குக் காரணம் இல்லை.

படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் இவ்வகைக் கற்றல் குறைபாடு பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 15 பேருக்கு, மொழி எதுவானாலும், இருக்கக்கூடும் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு கணக்கிடுகிறது. 40 பேர் உள்ள வகுப்பில் குறைந்தது 2 பேர். ஆரணி போன்ற ஊரில் அவர்களைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் சொல் ஒன்றுதான்: “படிப்பு ஏறல, தறியில உக்காரட்டும்.” தறி இழிவான தொழில் இல்லை. புவிசார் குறியீடு பெற்ற பட்டு இந்த ஊருடையது. ஆனால் விரும்பித் தறிக்கு வருவது வேறு. எழுத வரவில்லை என்ற ஒரே காரணத்தால் தறிக்குத் தள்ளப்படுவது வேறு.

தமிழ் எழுத்து எங்கே தடுக்கிறது

ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் இரக்கமுள்ள மொழி. எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். அதனால் டிஸ்லெக்சியா உள்ள தமிழ்ப் பிள்ளை எழுத்துக்கூட்டி எப்படியாவது படித்துவிடுகிறது; வேகம்தான் வருவதில்லை. ஐந்தாம் வகுப்பிலும் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டிருக்கும். ‘மெதுவாகப் படிக்கிறான், போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடுவதால் பிரச்சினை எழுத்தில்தான் வெடிக்கிறது.

எழுதும்போது தமிழ் வைக்கும் சோதனைகள் தனியானவை. மொத்தம் 247 எழுத்துகள். 1978இல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தம் ‘ணா’, ‘றா’, ‘னை’, ‘லை’ போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கிச் சுமையைக் கொஞ்சம் குறைத்தது. அப்படியும் கொம்பும் காலும் இருக்கின்றன. ‘பொ’ என்று சொல்லும்போது வாய் முதலில் ‘ப்’ ஒலிக்கிறது, பிறகு ‘ஒ’. கை எழுதுவதோ முதலில் கொம்பு, பிறகு ப, பிறகு கால். ஒலி போகும் வழி ஒன்று, கை போகும் வழி வேறு. ஒலியையே தட்டுத் தடுமாறிப் பிடிக்கும் பிள்ளை இந்த இடத்தில் காலை விட்டுவிட்டு ‘பெ’ என்று எழுதினால், அது கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமில்லை. இதோடு ல, ள, ழ; ன, ண, ந; ர, ற. பேச்சில் ஒன்றாகிவிட்ட ஒலிகளை எழுத்தில் மட்டும் பிரிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சுவர் இன்னொன்று. பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறு. ‘நெஞ்சிக்கினு இருந்தாங்க’ என்று பேசும் பிள்ளை ‘நெய்துகொண்டிருந்தார்கள்’ என்று எழுத வேண்டும். பிற பிள்ளைகள் படித்துப் படித்தே அந்த இரண்டாவது தமிழைச் சேர்த்துக்கொள்கிறார்கள். படிப்பதே கடினமாக இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தமிழ் காதில் விழவே வாய்ப்பில்லை. பிறகு அதை எப்படி எழுதுவது? மேலை நாட்டு நூல்களில் இருக்கும் முறைகளை அப்படியே எடுத்துவந்தால் தமிழில் சறுக்குவது இங்கேதான். தமிழ்ப் பிள்ளைக்குப் பேச்சிலிருந்து எழுத்துக்கு ஒரே தாண்டலில் போக முடியாது. நடுவில் ஒரு படி வேண்டும்: எழுதும் தமிழை முதலில் வாயால் பேசிப் பழகும் படி.

நோட்டைத் திறப்பதற்கு முன்

வாயும் கையும் சேர்ந்து கற்பது நம் ஊருக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். 1789இல் சென்னை எழும்பூர் ஆதரவற்ற ஆண் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. 1930களில் அமெரிக்காவில் அன்னா கில்லிங்காமும் பெஸ்ஸி ஸ்டில்மனும், நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனின் ஆய்வுகளை வைத்து, பார்ப்பது, கேட்பது, சொல்வது, தடவி எழுதுவது நான்கையும் ஒரே நேரத்தில் செய்யும் பயிற்சியை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் டிஸ்லெக்சியாப் பயிற்சிக்கு அடிப்படையாக இருப்பது அதுவே. மணல் தட்டு அதிலும் உண்டு.

சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. தியாகராய நகரில் ‘அனன்யா’ என்ற கற்றல் மையத்தையும் நடத்துகிறது. ஆரணியிலிருந்து எல்லாரும் அங்கே போக முடியாது. ஆனால் கீழே சொல்வதைச் செய்ய ஒரு தட்டு மணலும், ஒரு பென்சிலும், நாளுக்குக் கால் மணி நேரமும் இருந்தால் போதும்.

முதல் வேலை, ‘சொல்வதை எழுதுதல்’ வகுப்பைத் தலைகீழாக்குவது. பிள்ளை சொல்லட்டும், ஆசிரியர் எழுதட்டும். கேள்வி பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து வர வேண்டும். ‘பசுவைப் பற்றிச் சொல்’ என்றால் எந்தப் பிள்ளையும் பாடப் புத்தகத்தைத் தேடி விழிக்கும். ஆரணிப் பிள்ளையிடம் மழையைப் பற்றிக் கேட்கலாம். குழித்தறி வைத்திருக்கும் வீடுகளில் மழைக்காலம் ஒரு பெரிய கதை.

“மழ பெஞ்சா உங்க வூட்டுத் தறி என்னப்பா ஆவும்?”

“பள்ளத்துல தண்ணி ஊறிடும் டீச்சர். அப்பா கால் வெக்க முடியாது. அம்மா மொண்டு மொண்டு ஊத்துவாங்க. நூலு நமுத்துடும். தறி ஓடாது.”

“ஓடலன்னா?”

“கூலி வராது டீச்சர்.”

இந்தப் பேச்சை ஆசிரியர் ஒரு சொல்லும் மாற்றாமல், ‘பள்ளத்துல தண்ணி ஊறிடும்’ என்றே பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இங்கே பல ஆசிரியர்களின் கை தயங்கும். கொச்சைத் தமிழை எழுதுவதா என்று தோன்றும். எழுதத்தான் வேண்டும். விரலை வைத்துப் பிள்ளை அதைப் படிக்கும்போது தடுமாற்றம் பாதியாகக் குறைவதைப் பார்க்கலாம். அடுத்த சொல் என்ன என்று அதற்கு முன்பே தெரியும், அது அதனுடைய வாக்கியம். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு குழந்தையிடமும் ‘உனக்கு என்ன சொல் வேண்டும்’ என்று கேட்டு, அந்தச் சொல்லை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். 1963இல் வெளிவந்த ‘டீச்சர்’ என்ற நூலில் அதை விவரித்திருக்கிறார். குழந்தைக்குச் சொந்தமான சொல் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது என்பது அவருடைய அனுபவம். ஆரணியில் அந்தச் சொல் ‘நாடா’வாகவோ ‘ஜரிகை’யாகவோ இருக்கலாம்.

வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் நெசவுக் குடும்பங்கள் ஆரணியில் உண்டு. அந்தப் பிள்ளை முதலில் வீட்டு மொழியில் ஒரு முறை முழுக் கதையையும் சொல்லிவிட்டுப் பிறகு தமிழில் சொல்லலாம். ஆசிரியருக்கு அந்த மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. கதையின் வரிசை பிள்ளையின் மனத்தில் உறுதியாகிவிடும்.

இரண்டாவது வேலைதான் அந்த நடுப்படி. “இத புக்குல போட்டா எப்படி இருக்கும்?” என்று கேட்க வேண்டும். ‘பள்ளத்துல’ என்பது ‘பள்ளத்தில்’ ஆகும், ‘தண்ணி’ என்பது ‘தண்ணீர்’ ஆகும், ‘ஊறிடும்’ என்பது ‘ஊறிவிடும்’ ஆகும். இதை விளையாட்டாகவே செய்யலாம். ஆசிரியர் வீட்டுத் தமிழில் ஒன்று சொல்ல, பிள்ளை வானொலிச் செய்தி வாசிப்பவர் போலத் திருப்பிச் சொல்ல வேண்டும். பென்சிலைத் தொடவே கூடாது. இந்த மாற்றம் வாயிலேயே முடிந்துவிட்டால், எழுதும்போது கைக்கு ஒரே ஒரு வேலைதான் மிஞ்சும்.

பிறகு எண்ணுவது. ‘பள்ளத்தில் தண்ணீர் ஊறிவிடும்.’ மூன்று சொற்கள், மூன்று விரல்கள், தாளில் மூன்று கோடுகள். வாக்கியத்தை மூன்று முறை உரக்கச் சொல்லிவிட்டு முதல் கோட்டின் மேல் முதல் சொல். எழுதியதும் மறுபடி முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு இரண்டாவது சொல். இது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிக மெதுவாகத் தெரியும். காரணம் இருக்கிறது. ‘பள்ளத்தில்’ என்பதில் எந்த ள என்று போராடி முடிப்பதற்குள் வாக்கியத்தின் மிச்சம் பிள்ளையின் நினைவிலிருந்து நழுவிவிடுகிறது. நாம் பார்க்கும் அரைகுறை வாக்கியங்களில் பெரும்பகுதி இப்படி நழுவியவைதான். கோடும் விரலும் மறுபடி சொல்வதும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன.

நீண்ட சொல் வந்தால் கைதட்டல். ‘நெய்துகொண்டிருந்தார்கள்’ என்பதை நெய்–து–கொண்–டி–ருந்–தார்–கள் என்று ஏழு தட்டாகப் பிரிக்கலாம். எழுத்து 12; அத்தனை எழுத்துகளை ஒரே மூச்சில் நினைவில் வைக்க முடியாத பிள்ளை ஏழு தட்டைத் தாங்கும். ஒவ்வொரு தட்டையும் உரக்கச் சொல்லி, மணலில் விரலால் எழுதி, பிறகே நோட்டில். ‘கொண்’ வரும்போது ஆசிரியர், “வாய் ககரத்துல ஆரம்பிக்குது, கை கொம்புல ஆரம்பிக்குது” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொடுக்கட்டும். நாளடைவில் பிள்ளை அதைத் தனக்குத்தானே முணுமுணுக்கும். முணுமுணுப்பதைத் தடுக்கக் கூடாது. ‘வாயை மூடிக்கொண்டு எழுது’ என்ற கட்டளை இந்தப் பிள்ளைகளிடம் இருக்கும் ஒரே கைத்தடியைப் பிடுங்குவதற்குச் சமம்.

ஒரு வாக்கியம் வந்த பிறகு பத்தி. நம் பாடநூல்களில் கட்டுரைக்குத் தரப்படும் குறிப்புச் சட்டகம் நல்ல கருவிதான். ஆனால் அது எழுத்தில் இருப்பதால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இன்னொரு சுமையாகிவிடுகிறது. அதையே நான்கு துண்டுச் சீட்டில் படமாகப் போட்டுவிடலாம்: மேகம், பள்ளம், நூல்கண்டு, காசு. பிள்ளை சீட்டுகளைத் தரையில் பரப்பி, வரிசை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் கதையைச் சொல்லிப் பார்க்கட்டும். காசுச் சீட்டை முதலில் வைத்து, “இந்த மாசம் எங்கப்பாவுக்குக் கூலி வரல” என்று தொடங்கினால் கதை எப்படி நிமிர்ந்து உட்காருகிறது என்று அதுவே கண்டுகொள்ளும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் அடித்துத் திருத்தி எழுதிக் கற்கும் பாடம் இது. எழுதச் சிரமப்படும் பிள்ளைக்கு அடித்துத் திருத்தி எழுதும் வசதி கிடையாது; சீட்டும் வாயும் அந்த வசதியைத் தருகின்றன.

திருத்துவதும் வாய்மொழியாகவே தொடங்கட்டும். பிள்ளை எழுதியதை எழுதியபடியே, விட்டுப்போன சொல்லையும் சேர்க்காமல் ஆசிரியர் படித்துக்காட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை காதுக்குத் தெரிந்துவிடும். ஒரு நாளுக்கு ஒரு வகைத் தவறை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. இன்று கொம்பு, கால் என்றால் ல, ள, ழ நாளை. தவறாக எழுதிய சொல்லை நூறு தடவை எழுதிவரச் சொல்லும் பழக்கத்தை இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் முற்றாக நிறுத்தியே ஆக வேண்டும். பத்தாவது தடவையிலேயே புது வடிவில் தவறு புகுந்துவிடும். மிச்சம் 90 தடவை அந்தத் தவறுக்குத்தான் பயிற்சி.

வகுப்பில் இரண்டு இரண்டு பேராக அமர்த்தி, ஒருவர் சொல்ல மற்றவர் எழுதுவதும் பயன் தரும். மாறி மாறிச் செய்ய வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை சொல்பவனாகவே நின்றுவிட்டால் எழுத்து வளராது. அவன் எழுதும் முறையில் நண்பன் சிறிய வாக்கியமாக, மெதுவாகச் சொல்லட்டும்.

தறிக்குப் பக்கத்தில் கால் மணி நேரம்

‘எங்களுக்குப் படிக்கத் தெரியாதே, வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பது?’ நெசவுக் குடும்பங்களில் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. எழுத்துப் பயிற்சிக்கு அது தடைதான். வாய்மொழிப் பயிற்சிக்குத் தடையே இல்லை. தார் சுற்றும் அம்மாவின் கை ராட்டையில் இருக்கிறது, காதும் வாயும் சும்மாதான் இருக்கின்றன. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நாளை எழுத வேண்டிய பத்தியை இன்று சொல்லட்டும். அம்மா செய்ய வேண்டியது மூன்று கேள்வி கேட்பது மட்டும்: “அப்புறம்?”, “ஏன்?”, “முதல்ல என்ன சொன்ன?” மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. பிள்ளை கதையின் தலைக்குத் திரும்பிப் போய், விட்டதைச் சேர்த்துக்கொண்டு வரும்.

தறி ஓடும்போது வேண்டாம். நாடாச் சத்தத்தின் நடுவே ஒலிகளைப் பிரித்துக் கேட்பது டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இரட்டைச் சிரமம். பாவு பிணைக்கும் நாளோ, மின்சாரம் போன நேரமோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னரோ நல்ல பொழுது.

தாத்தா, பாட்டி இருக்கும் வீடு இன்னும் வசதி. பாட்டி சொல்லும் கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது பழைய பழக்கம்தானே. எழுத்தைக் கண்டால் வயிறு கலங்கும் பிள்ளைக்கு, நீண்ட வாக்கியமும் கதைப் போக்கும் புதுச் சொல்லும் கிடைக்கும் இடம் அந்த மடிதான். படித்துச் சேர்க்க முடியாத சொற்களைக் கேட்டுச் சேர்க்கிறது. ஆசிரியர் பாடநூலை உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிந்து அனுப்பினால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கைப்பேசி என்றதும் குரலால் தட்டச்சு செய்யும் வசதி நினைவுக்கு வரும். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழையும் அதில் சேர்த்தது. பேசினால் திரையில் எழுத்து வருகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் இது உண்மையான துணை. ஒரு குறை மட்டும் உண்டு. திருத்தமாகப் பேசினால் திருத்தமாக வரும். ‘நெஞ்சிக்கினு இருந்தாங்க’ என்றால் கருவி தடுமாறும். நடுப்படியில் பழகிய பிள்ளைக்குத்தான் இந்தக் கருவி கைகொடுக்கும். சிறு வகுப்பில் இதை மட்டும் நம்பி மணலையும் பென்சிலையும் விட்டுவிடுவது சரியல்ல.

தேர்வறையில் சொல்வதை எழுதுபவர்

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் குறிப்பிட்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று. டிஸ்லெக்சியா பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 2017 ஏப்ரல் 19 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எனவே பள்ளி தரும் உதவியைச் சலுகை என்று தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. உரிமையாகக் கேட்கலாம்.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை அனுமதிக்கப்படுகின்றன. மூன்றாவதைப் பெற்றோர் நன்றாக யோசித்துக் கேட்க வேண்டும்; மொழிப்பாடத்தில் விலக்கு வாங்கியதோடு அந்த மொழியைக் கற்பிப்பதையே பள்ளி நிறுத்திவிடக் கூடாது. முதலாவது பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் மதிப்பெண் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. எழுதுபவர் திருத்த மாட்டார், நினைவுபடுத்த மாட்டார், சொன்னதை மட்டும் எழுதுவார். எங்கே முற்றுப்புள்ளி, எங்கே புதுப் பத்தி, எந்த வினாவின் எந்த உட்பிரிவு என்பதையெல்லாம் மாணவரே சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் மூன்று மணி நேரம் இப்படிச் சொல்வதற்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மாதம் ஒரு முறையாவது ஒத்திகை வேண்டும். சொன்னதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டு மாற்றவும் பழக வேண்டும். நான்காம் வகுப்பில் “பள்ளத்துல தண்ணி ஊறிடும்” என்று சொல்லி எழுதவைத்த பிள்ளைக்கு இந்த வேலை பழகிய வேலையாக இருக்கும்.

இதற்கெல்லாம் மருத்துவச் சான்று தேவை. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், 8 வயது நிறைந்த பிள்ளைகளுக்கே சான்று என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் வகுத்தது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பு நடைமுறையை வட்டார வள மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆரணி, மேற்கு ஆரணி ஒன்றியங்களின் பள்ளிகள் அங்குள்ள சிறப்புப் பயிற்றுநர்களை அணுகலாம். சோதனைக்குப் போகும்போது பிள்ளையின் பழைய நோட்டுகளையும், ஆசிரியர் எழுதிவைத்த அதன் வாய்மொழிப் பத்திகளையும் சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டும். சொல்வதற்கும் எழுதுவதற்கும் உள்ள இடைவெளியை அவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

பொதுத்தேர்வுக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். மார்ச்சில் தேர்வு என்றால் பிப்ரவரியில் அலைந்து பயனில்லை. உங்கள் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருந்தால் இந்த ஆண்டே சான்றுக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள். நான்காம் வகுப்பில் இருந்தால் இன்று இரவு ராட்டையை ஓரமாக வைத்துவிட்டு, இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.